எனக்கு வந்தது வேறு, சூசைக்கு வந்தது வேறு

நுரையீரலில் புற்று என்றால் அது ஒரே நோய்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரிய வந்த விதத்தை எழுதும்படி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுத வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வைத்தியத்தைப் பற்றி எழுதுகிறானே என்ற வெட்கம் ஒரு பக்கம். இதை எழுதுவதற்கு நான் உயிரோடு இருக்கிறேனே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரியது. அது எதனால் என்று போகப்போகத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் எனக்குக் காப்பித்தூள் கடை. கொட்டையை வறுத்து, ஆட்கள் நிற்க நிற்க அரைத்துக் கொடுப்போம். வறுக்கிற புகையில் நிற்கிறவனுக்கு இருமல் வருவது சகஜம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் துப்பியதில் ரத்தக்கீற்று இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பயம் சாவைப் பற்றியது இல்லை. மகள் வசந்தாவுக்கு அப்போதுதான் உறையூரில் ஒரு புடவைக்கடைக்கார வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கிறவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் விசாரிக்கிற விஷயம் ஒன்று உண்டு: அந்த வீட்டில் யாருக்காவது டி.பி. இருக்கிறதா? இருக்கிறது என்று காற்றுவாக்கில் வந்தால் போதும், சம்பந்தம் அன்றோடு முடிந்தது. கடையும் முடிந்தது. டி.பி.க்காரன் அரைத்த தூளை யார் வாங்குவார்கள்? அதனால் நான் மறைத்தேன். என் டம்ளரை நானே தனியாக வைத்துக்கொண்டேன். கைக்குட்டையை நானே துவைத்தேன். பத்தொன்பது வருஷமாகத் தன் துணியைத் தான் துவைக்காத மனுஷன் திடீரென்று கைக்குட்டை துவைத்தால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா?

"இது என்னங்க?" என்று கமலம் துணியை விரித்துக் காட்டினாள்.

"வெத்தலைச் சாறு."

"நீங்க எப்ப வெத்தலை போட்டீங்க?"

துணியைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் கொடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. மறுநாளே காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்ரீரங்கத்து வைத்தியரிடம் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதால் பாலம் தாண்டினோம்.

டாக்டர் வயதில் சின்னவர். முதுகைத் தட்டிப் பார்த்தார். "சிகரெட், சுருட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"உண்டுங்க டாக்டர்" என்றாள் கமலம். "கடைக்குப் பின்னால கொட்டை மூட்டை அடுக்குற இடத்துல போய்க் குடிப்பாரு. வறுக்கிற வாசனையில தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு."

டாக்டர் சிரிக்கவில்லை. என் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளை நிழல் தெரிந்தது. டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் காலைச் சளியை எடுத்துச் சோதித்தார்கள். மூடி போட்ட கிண்ணத்தில் துப்பி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வரிசையில் நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்து முகம் ஏதாவது வந்துவிடுமோ என்று துண்டால் தலையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே நிற்பேன். நர்ஸம்மா ஒருநாள், "ஐயா, நீங்க இப்படி நிக்கிறதப் பார்த்தாத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றாள்.

சோதனை முடியும்வரை ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொன்னார்கள். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் சூசைக்கு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பகுதியில் ஃபிட்டர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். பீடி அவனுக்கு மூச்சு மாதிரி. முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்துத் தெரிந்தன. அவனுக்கு டி.பி.யாக இருக்குமோ என்ற பயத்தில் நான் முதல் நாள் முழுக்க அவன் பக்கம் முதுகைக் காட்டியே படுத்திருந்தேன். அவன் அதைப் புரிந்துகொண்டான்.

"காப்பி அண்ணே, எனக்குச் சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இப்பவாவது இந்தப் பக்கம் திரும்புங்க. உங்க முதுகையே பாத்துப் பாத்து எனக்கு அலுப்பாயிருச்சு."

எனக்கும் சோதனையில் கிருமி இல்லை. டாக்டர் என்னையும் கமலத்தையும் கூப்பிட்டுச் சொன்னார்: "டி.பி. இல்லை. படத்தைப் பார்த்தா புத்துநோய் மாதிரி இருக்கு. உள்ள குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பார்த்தாத்தான் எந்த வகைன்னு சொல்ல முடியும்."

"தொத்துமாங்க?" என்று கேட்டேன்.

"புத்துநோய் தொத்தாது."

நான் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டேன். கமலத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழில் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லையோ என்று நினைத்திருப்பார். புரிந்தது. எங்களுக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது தொத்தாது என்பது ஒன்றுதான்.

கமலம் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சம்புடம் நிறையக் கற்கண்டோடு வார்டுக்கு வந்தாள். கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி விசேஷம்? அண்ணனுக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்துருக்கா?" என்றான் சூசை.

"டி.பி. இல்லையாம் தம்பி. வெறும் புத்துநோய்தானாம்."

சூசையின் மனைவி ரோசம்மா, அவன் காலடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள், தலையைக் குனிந்துகொண்டாள். சூசை கையை நீட்டினான்.

"எனக்கும் அதுவாத்தான் இருக்கும்னு சொல்றாங்க அண்ணி. ரெண்டு கல்லாக் குடுங்க. புத்துக்கு மிட்டாய் குடுக்குற வீட்டை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவன் சிரித்தபடியே வாயில் போட்டுக்கொண்டான். கமலம் சம்புடத்தை மூடிக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் வசந்தா சாப்பாடு கொண்டுவந்தாள். தூக்கைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"டி.பி.க்காவது ஊசி இருக்குப்பா. போட்டா ஆறிடுதாம். இதுக்கு என்ன இருக்குன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டேன். பேசாமப் போயிட்டாங்க. எனக்காகவா நீங்க சந்தோஷப்பட்டீங்க?"

அதற்குப் பிறகுதான் எனக்குச் சாவு பயம் வந்தது. வந்த பிறகு ஒரு நிமிஷம்கூட விடவில்லை. நகம் நீலமாகிறதா என்று பார்ப்பேன். மூச்சை எண்ணுவேன், எண்ணும்போது தப்பிவிட்டால் மூச்சே நின்றுவிட்டதாக நினைத்து எழுந்து உட்காருவேன். நர்ஸம்மாவிடம் ஒரே கேள்வியை நாலு தினுசாகக் கேட்பேன். எந்த வகை? எந்த வகை? எந்த வகையாக இருந்தால் பிழைக்கலாம்?

குழாய் விடுகிற நாள் எனக்கும் சூசைக்கும் ஒன்றாக வந்தது. தொண்டையில் மருந்தைத் தடவி மரத்துப்போகச் செய்வார்கள். பிறகு படுக்கவைத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, விளக்கு வைத்த இரும்புக் குழாயை வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்குவார்கள். வலி என்று சொல்ல முடியாது. திணறல். அந்தக் குழாய்க்குள்ளேயே ஒரு சின்ன இடுக்கியை விட்டு, அரிசிமணி அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள். நான் பயத்தில் மேஜை மேலேயே சிறுநீர் விட்டுவிட்டேன். துடைத்தவள் அந்த நர்ஸம்மாதான். யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பிறகு உள்ளே போன சூசை, வெளியே வந்ததும் கரகரத்த குரலில் சொன்னான்: "எஞ்சின்ல குழாய் அடைச்சுக்கிட்டா நாங்க கம்பியை விட்டுக் குடையுறோம்ல அண்ணே. இத்தனை நாள் குடைஞ்சதுக்கு இன்னிக்கு நம்மளைக் குடைஞ்சுட்டாங்க."

கிள்ளிய சதை மெட்ராஸுக்குப் போய்ப் பதில் வருவதற்குள் நாங்கள் இருவரும் சிநேகமாகிவிட்டோம். ரோசம்மா கொண்டுவரும் மீன் குழம்பு வாசனைக்கு நான் மூக்கைச் சுளிப்பேன். கமலம் ஃபிளாஸ்கில் கொண்டுவரும் காப்பியில் பாதி அவனுக்குப் போகும். "உங்க கடைத் தூள்ல சிக்கரி ஜாஸ்தி" என்பான். இல்லவே இல்லை என்று நான் சண்டைக்குப் போவேன்.

பதில் வந்தது. எனக்கு ஆப்பரேஷன் என்றார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய சர்ஜன் வருகிற சமயம் விலா எலும்பை விலக்கி, நுரையீரலின் கீழ்ப்பாகத்தையே எடுத்துவிடுவார்கள். சூசைக்கு அறுவை இல்லை. நரம்பில் ஊசி, பிறகு மெட்ராஸில் கதிர் பாய்ச்சுகிற கரண்டு வைத்தியம். டாக்டர் ரோசம்மாவைக் கூப்பிட்டு, "இவருக்கு அறுக்கத் தேவையில்லைம்மா, ஊசிதான் சரி" என்று சொல்லியிருக்கிறார். அவள் ஓடிவந்து கணவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா காப்பாத்திட்டாங்க, கத்தி வேணாமாம்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஊசி, எனக்கு மட்டும் கத்தியா? டாக்டரின் அறைக்குப் போய் நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் நுரையீரல்ல புத்துதானே டாக்டர்? அவருக்கு மாதிரி எனக்கும் ஊசி போட்டு விட்டுடக் கூடாதா?"

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "கடையில பீபெரியையும் பிளான்டேஷனையும் ஒண்ணாப் போட்டு வறுப்பீங்களா?"

"மாட்டேங்க. அது உருண்டை, இது தட்டை. பக்குவம் வேற."

"ரெண்டும் காப்பிக்கொட்டைதானே?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனது. எந்த அணு கெட்டு வளர்கிறதோ அதைப் பொறுத்துப் புற்றின் குணம் மாறும். எனக்கு வந்தது தட்டை அணுப் புற்று. காற்று போகிற பெரிய குழாய்களின் உள்பூச்சில் புகை பட்டுப் பட்டு, அந்தப் பூச்சு தோல் மாதிரி தட்டையாகி, அங்கே புற்று கிளம்பும். குழாய்க்குள்ளேயே வளர்வதால் இருமலும் ரத்தமும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். இடத்தை விட்டு நகர அதற்கு நாளாகும். அதற்குள் பிடித்தால் அறுத்து எடுத்துவிடலாம்.

சளி சுரக்கிற அணுவில் வருவது இன்னொன்று. அது பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் உட்காரும். இருமல்கூட இல்லாமல் வெகுநாள் ஒளிந்திருக்கும். "சுருட்டையே தொடாத பொம்பளைங்களுக்கும் வரும். போன மாசம் ஒரு டீச்சரம்மாவுக்குப் பார்த்தேன். அவங்க புருஷன், ‘எங்க வீட்ல யாரும் குடிக்கிறதில்லையே’ன்னு அழுதாரு" என்றார். எதோடும் சேராமல் பெரிது பெரிதான அணுக்களாக வேகமாக வளர்வதும் ஒன்று உண்டாம். இந்த மூன்றிலும் பரவுவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் கத்திக்கு வேலை உண்டு.

"அப்ப சூசைக்கு?"

அவர் கதவைப் பார்த்தார். "சின்ன அணு. பூதக்கண்ணாடியில பார்த்தா சாயம் பட்டு நீலமா, நெருக்கி நெருக்கி, ஏதோ தானியத்தைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கும். அதுக்குப் பொறுமையே கிடையாது. நாம படத்துல பாக்குறதுக்குள்ள ரத்தத்துல இறங்கி ஊரெல்லாம் சுத்திடும். அவர் முகம் ஊதியிருக்கு பாருங்க, நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாயை அது அமுக்குது. அறுத்துப் பிரயோஜனம் இல்லை. ஊசிக்கும் கரண்டுக்கும் வெயில்ல வெண்ணெய் மாதிரி கரையும். ஆனா திரும்பி வந்துடும். அவர்கிட்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

கட்டிலுக்குத் திரும்பினேன். "என்ன அண்ணே சொன்னாரு?" என்று சூசை கேட்டான். "எனக்குக் கத்திதானாம்" என்றேன். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றான். அந்தச் சமயம் என் மனசுக்குள் ஓடியது பரிதாபம் இல்லை. என்னுடையது வேறு வகை, என்னுடையது வேறு வகை என்பதே மந்திரம்போல் ஓடியது.

ஆப்பரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போயிருந்தது. நான் மூச்சு விட்டால் ஜாடியில் குமிழி வரும். குமிழி நின்றால் செத்துவிட்டேன் என்று அர்த்தமோ என்று அதையே எட்டி எட்டிப் பார்ப்பேன். உள்ளே சளி தேங்கக் கூடாது என்று நர்ஸம்மா என் விலாவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து இருமச் சொல்வாள். அந்த இருமலுக்குப் பதிலாக உயிரை விட்டுவிடலாம். கமலம் என்னைத் துடைத்து, பாத்திரம் வைத்து எடுத்து, குழந்தைக்குச் செய்கிற எல்லாம் செய்தாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "எதுக்குங்க கண்ணை மூடுறீங்க? நான் என்ன வேத்து மனுஷியா?" என்பாள்.

சூசைக்கு முதல் இரண்டு ஊசிக்கு வாந்தி. பிறகு முகத்து வீக்கம் வடிந்தது. கழுத்து நரம்பு அடங்கியது. அவன் வார்டில் நடமாட ஆரம்பித்தான். என் ஜாடியைப் பார்த்து, "கோலி சோடா நல்லா பொங்குது அண்ணே" என்பான். ரோசம்மா கமலத்துக்கு ஆறுதல் சொன்னாள்: "உங்க வீட்டுக்காரருக்கும் சீக்கிரம் சரியாயிரும்க்கா. எங்களுக்குத்தான் மாதா கத்தியில்லாம முடிச்சுக் குடுத்துட்டாங்க." சூசை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான். மெட்ராஸுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும், அன்றைக்கு அவன் நடையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

எனக்கு ஆறியது. வசந்தாவின் கல்யாணமும் நடந்தது. தொத்தாத வியாதி என்று கேட்டு உறையூர்க்காரர்களும் எங்களைப் போலவே நிம்மதியாகிவிட்டார்கள். மறுபரிசோதனைக்குப் போனபோது நர்ஸம்மா சொன்னாள்: சூசைக்குத் திரும்பி வந்து, தலைக்கு ஏறி, கடைசியில் ஆளை அடையாளம் தெரியாமலேயே செத்துப்போனானாம். துக்கம் கேட்கப் போக வேண்டும். கமலம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று அமாவாசை, நாளை கடையில் ஆள் இல்லை என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசியில் ரோசம்மாவே கடைக்கு வந்தாள். கறுப்புச் சேலை. ஆட்கள் நிற்கையில் ஓரமாக ஒதுங்கி நின்றாள். எல்லாரும் போன பிறகு கேட்டாள்:

"அண்ணே, உங்களுக்கும் அவருக்கும் ஒரே வியாதிதானே?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க மாமியார் என்கிட்ட பேசறதில்லை. ‘காப்பிக்கடைக்காரனை அறுத்தாங்க, பொழைச்சான். என் மவனை அறுக்க வேணாம்னு இவ சொல்லிட்டு வந்தா’ங்கிறாங்க. கோயில்ல எல்லார் முன்னாலயும் சொல்றாங்க. நான்தானே வீட்டுல வந்து, கத்தி வேணாம்னு சந்தோஷமாச் சொன்னேன்? டாக்டர் சொன்னாருன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. நான் சரியாத்தான் கேட்டேனாண்ணே?"

கடையை மூடினேன். அவளோடு பஸ் ஏறினேன்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அவர்கள் வீடு. சூசையின் அம்மா தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று ரோசம்மா சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை நாள் வராமல் இருந்தேன்.

நின்றபடியே சொன்னேன். எனக்கு வந்தது ஓரிடத்தில் உட்கார்கிறது, சூசைக்கு வந்தது நாம் பார்ப்பதற்குள் ஓடிவிடுகிறது, அதற்குக் கத்தி உதவாது, டாக்டர்தான் வேண்டாம் என்றார், ரோசம்மா சரியாகத்தான் கேட்டாள். பாதியில் வரிசை தப்பியது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

"அறுத்திருந்தா?" என்றார்.

"அந்த வலியும் சேர்ந்திருக்கும்மா. நாள் கூடியிருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் என்கிட்ட சொன்னாரு. சூசை வார்டுல இருக்கும்போதே."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பக்கத்துலேயே படுத்துக் கெடந்தே. என் மவன்கிட்ட சொல்லலை?"

"சொல்லலைம்மா."

ரோசம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கிழவி என் விலாப் பக்கம் பார்த்தார். பிறகு, "சட்டையைக் கழட்டு" என்றார்.

கழற்றினேன். முதுகில் தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றி, மார்புக்கு அடிவரை வருகிற தழும்பு அது. அவர் எழுந்து வந்து, அதன் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவா?" என்றார்.

"ஆமாங்க."

"இதை என் பிள்ளைக்கும் பண்ணிட்டு, அப்பவும் போயிருந்தா…" என்றார். விரலை எடுத்துவிட்டு, என்னைத் தாண்டி மருமகளைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்டி நின்னுக்கிட்டே இருப்பே? உக்காரு."

ரோசம்மா உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழ ஆரம்பித்தாள். கிழவி அவளிடம் போனார். என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இப்போது போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாமல் அந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.